குலத்தொழில் வேறு, கைத்தொழில் வேறு

தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் காலனிகளில் எங்களிடம் வரும் கேள்விகள் மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் "எந்த காலேஜ்ல பி.காம். கிடைக்கும்?" என்று கேட்பார்கள். இப்போது "ஃபிட்டரா, எலக்ட்ரீஷியனா, எது எடுக்கலாம்?", "வெல்டர் ஒரு வருஷம்தானாமே?" என்கிறார்கள். பட்டம் வாங்கிய அண்ணன், படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக நிற்பதைப் பார்த்த தம்பிகள் இவர்கள்.

அதே வீட்டில் தாத்தாவுக்கு இது பிடிப்பதில்லை. "நாங்க கையால செஞ்சது போதாதா? நீயாவது நாற்காலியில உட்காரக் கூடாதா?" அவர் பயம் அறியாமையால் வந்ததில்லை. அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. பேரனின் ஆசைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் மாணவர்கள் பலருக்குச் சொல்லித்தரப்படாத வரலாறு.

தாத்தாவின் பக்கத்தை முதலில் பார்ப்போம். 1953இல் சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி, நகராட்சிகளுக்கு வெளியே இருந்த கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளுக்கு 5 மணியிலிருந்து 3 மணியாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு ஷிஃப்டாக வரவேண்டும், மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். பெரியாரும் தி.மு.க.வும் போராடினார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். நாம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. தச்சர் மகனுக்கு உளி இருந்தது, நெசவாளர் மகனுக்குத் தறி இருந்தது. தென்னார்க்காட்டுச் சேரியில் பண்ணையாளாக இருந்தவரின் மகன் மதியத்துக்கு மேல் எதைக் கற்றிருப்பான்? மாடு மேய்ப்பதையா, செத்த மாட்டைத் தூக்குவதையா, சாவுக்குப் பறையடிப்பதையா? அந்தத் திட்டம் எல்லாப் பிற்படுத்தப்பட்ட சாதிகளையும் காயப்படுத்தியது உண்மை. ஆனால் நமக்கு அது கொடுக்க நினைத்தது தொழில்கூட இல்லை, அடிமை வேலை. தாத்தா அந்த வாடையைத்தான் இன்றும் ஐடிஐ விண்ணப்பத்தில் முகர்ந்து பார்க்கிறார்.

இனி பேரனின் பக்கம். இங்கே அம்பேத்கரிடம் போக வேண்டும். சட்டமேதையாகவும் கோட்டும் புத்தகமுமாகவும் நமக்குக் காட்டப்படும் அம்பேத்கர், தறி, ரயில்வே பட்டறை, அச்சகம் பற்றியெல்லாம் மிக நுணுக்கமாகப் பேசியவர்.

பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். தீண்டப்படாதவர்கள் நூற்புப் பிரிவைத் தாண்டி அங்கே போக முடியாது. காரணம் எச்சில். நெசவில் நூல் தீர்ந்தால் புதுக் கண்டைப் போட்டு, நாடாவின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரு தலித் வாய் வைத்த நாடாவில் தாங்கள் எப்படி வாய் வைப்பது என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928இல் பம்பாயில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது அம்பேத்கர் இதைக் கோரிக்கையாக எழுப்பினார். நம்மை அங்கே தடுத்து நின்றது முதலாளி மட்டுமில்லை, பக்கத்தில் நின்று கொடி பிடித்த தொழிலாளியும்தான் என்பதைக் கவனியுங்கள், தோழர்களே.

பத்து வருடம் கழித்து, 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு நடந்தது. விழுப்புரம் ஜங்ஷனைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அவர் அங்கே சொன்ன விவரங்கள் கண்ணுக்கு முன்னால் தெரிகின்றன. நம்மவர்கள் காலமெல்லாம் தண்டவாளத்தில் கேங்மேன். போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. ஏனென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தீண்டப்படாதவரை வீட்டுக்குள் எப்படி விடுவது? பட்டறையில் மெக்கானிக்காக நம் ஆள் இருப்பது அபூர்வம், மேஸ்திரியாகவோ ஃபோர்மேனாகவோ இருப்பது அதைவிடக் கடினம்.

1942 ஜூலையில் அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்றார். அந்த அக்டோபரில் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவில் பட்டியல் சாதியினரின் குறைகளை வரிசையாக எழுதினார். உயர் அறிவியல் படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் உதவித்தொகை கேட்டார். அதே மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். "மேல்படிப்பா, தொழிற்படிப்பா" என்று நம்மை இன்று மேடை போட்டு விவாதிக்க வைக்கிறார்கள். அவர் இரண்டையும் ஒரே தாளில் கேட்டவர்.

ராஜாஜி கொடுக்க வந்ததும் கைவேலை, அம்பேத்கர் கேட்டதும் கைவேலை. வித்தியாசம், யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒன்றில் பிறப்பு தேர்ந்தெடுக்கிறது. மற்றதில், பிறப்பு பூட்டி வைத்திருந்த பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு நாம் உள்ளே போகிறோம்.

இந்தச் சண்டை முடிந்துவிடவில்லை. 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 பாரம்பரியத் தொழில்களுக்குப் பயிற்சியும் கடனும் தருகிறது. குடும்ப வழித் தொழில் என்பதே அதன் அடிப்படை, 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் சலவைக்கும் செருப்புக்கும் கடன்! குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்று கேட்ட தமிழ்நாடு அரசு, 2024 நவம்பரில் இப்போதைய வடிவில் இதைச் செயல்படுத்த மாட்டோம் என்று எழுதியது. சரியான முடிவு. பிறகு சாதி அடிப்படை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது.

ஆனால் குலக்கல்வி அரசாணையாகத்தான் வர வேண்டும் என்றில்லை. வகுப்பறையில் வாத்தியார் வாயிலும் வரும். ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பையன்களில் ஊர்த்தெருப் பையனுக்கு "பாலிடெக்னிக் போ, அப்புறம் இன்ஜினியரிங்", காலனிப் பையனுக்கு "உனக்கு ஐடிஐ போதும்". பெண் பிள்ளை என்றால் எந்தத் தெருவானாலும் தையல். விரும்பி வெல்டிங் எடுக்கும் பெண்ணையும், வேறு வழி சொல்லப்படாததால் தையலில் உட்காரும் பெண்ணையும் ஒரே "திறன் வளர்ச்சி" கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

படித்து முடித்து வந்த பிறகும் சாதி கூடவே வருகிறது. வீட்டு வயரிங் என்றால் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் போக வேண்டும். "எந்த ஊருப்பா? ஊர்ல எந்தப் பக்கம்?" என்ற கேள்வி டெஸ்டரை வெளியே எடுக்கும் முன்பே வந்துவிடும். பிளம்பிங் படித்தவனை செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்வது இன்னொரு வழி. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் யாரையும் அதற்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செத்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இறங்க மறுப்பது உரிமை என்பதை பிளம்பர் பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

சொந்தமாகக் கடை போடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் கடைத்தெரு எல்லோருக்கும் பொதுவான இடமாக இருந்ததில்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரில் நம் பையன் ஒருவன் மோட்டார் ரிவைண்டிங் போர்டு மாட்டுவதை வெறும் "சுயதொழில்" என்று எங்களால் எழுத முடியாது.

கடைசியாக, கையில் எடுக்க வேண்டிய ஒரு சட்டம். தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை என்று நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். வேலைக்கு இல்லைதான். ஆனால் 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தில், 1973 திருத்தத்தின் மூலம் 3ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வேலையளிப்பவர் பயிற்சி இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. தனியார் கம்பெனியும் இதில் அடக்கம். அம்பேத்கர் 1942இல் அரசுப் பட்டறையில் கேட்டது இன்று தனியார் பட்டறைக்கும் பொருந்துகிறது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும்.

திண்டிவனத்தில் சிப்காட் வந்திருக்கிறது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் பஸ் ஏறினால் போய்விடும் தூரம். அங்கே பழகுநராகச் சேரும் தோழர்கள் முதலில் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். அதில் எழுதிய தொழிற்பிரிவும், உங்களை நிறுத்தியிருக்கும் இடமும் ஒன்றுதானா? ஃபிட்டர் என்று எழுதிவிட்டுப் பெட்டி அடுக்க விட்டிருக்கிறார்களா? உங்கள் பிரிவில் எத்தனை இடம், அதில் நம்மவர் எத்தனை பேர்? கம்பெனி பதில் சொல்லாது. ஆனால் பழகுநர் பயிற்சியைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். மனு எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.