விளையாட்டுச் சூழற்கலையில் ஒளியும் மூட்டமும்: கட்டுகஸ்தோட்டை நிலவெளி

கணினி விளையாட்டில் ஆட்டக்காரர் நடமாடும் தெரு, ஆறு, காடு, மலை ஆகியவற்றை நிஜ இடமாகவே தோன்றும்படி உருவாக்குவது மெய்யொத்த சூழற்கலை. கட்டடத்தையும் மரத்தையும் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும், ஒளியும் அது கடந்து வரும் காற்றும் பிசகினால் அந்த ஊர் அந்த ஊராக இராது. கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கைக் கரையிலுள்ள கட்டுகஸ்தோட்டையை வைத்துப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

இவ்வூர் வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 7.3 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். சுவர்களில் நேர்வெயில் படாது. கடைத் தாழ்வாரத்தின் உட்புறம் துலங்குவது வீதியிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தால்தான். இத்தெறிப்பொளியைக் கணக்கிடும் சமன்பாட்டை 1986இல் ஜேம்ஸ் கஜியா வகுத்தார். 1996இல் வெளிவந்த குவேக் விளையாட்டில் வெளிச்சம் முன்கூட்டியே கணித்துப் பரப்புகளில் பதிக்கப்பட்டிருந்தது. 2022இல் வந்த அன்ரியல் எஞ்சின் 5 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளின் லூமன் முறை தெறிப்பொளியை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணிக்கிறது.

அந்தி இங்கே குறுகியது. சூரியன் மறைந்து சுமார் 22 நிமிடங்களில் வீதியில் இருள் கவிந்துவிடும். நடுக்கோடையில் இலண்டனில் இது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. நீண்ட பொன்னிற மாலையை எந்த ஊருக்கும் பொருத்துவது சூழற்கலைஞரிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். கண்டிக்கு அது பொய்.

எல்லாவற்றிலும் கடினமானது காலைப் பனிமூட்டம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், தெளிந்த இரவுகளில், மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கி ஆற்றின்மேல் தங்குகிறது. 1976இல் பொல்கொல்லைத் தடுப்பணை அமைந்தபின், அதன் மேற்புறத்தில் ஆறு தேங்கி மெல்ல நகர்கிறது. அந்த நீரின் வெதுவெதுப்பிலிருந்து எழும் ஆவியும் குளிர்காற்றில் பட்டு மூட்டமாகிறது. கிழக்கே மலைகள் மறைப்பதால் பொழுது விடிந்த பிறகும் வெயில் உடனே ஊருக்குள் வருவதில்லை. முதலில் உயர்ந்த மேடுகள் மஞ்சளாகும். ஆற்றங்கரை மூங்கிலும் தென்னையும் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். பிறகுதான் வெயில் இறங்கி மூட்டத்தைக் கலைக்கும்.

இதை எஞ்சினில் அமைக்கும்போது இரு வேறு சிதறல்களைப் பிரித்தறிய வேண்டும். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியையே கூடுதலாகச் சிதறடிக்கின்றன; தூரத்து நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலம் பாய்ந்து தெரிவது அதனால். மூட்டத்தின் நீர்த்துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஒரே அளவில் சிதறடிப்பதால் மூட்டம் வெண்மையாகத் தெரிகிறது. அத்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே அனுப்புகின்றன. சூரியனை நோக்கி நின்றால் மூட்டம் பளீரென ஒளிரும். முதுகைக் காட்டி நின்றால் மங்கிவிடும். இந்தத் திசைச்சார்பைக் கணிக்க இன்றைய எஞ்சின்களிலும் பயன்படும் சூத்திரத்தை ஹென்யி, கிரீன்ஸ்டைன் என்ற வானியலாளர்கள் 1941இல் விண்மீன்களிடைத் தூசுக்காக எழுதினார்கள். மூட்டத்துக்கு ஒரே வெள்ளை நிறத்தைப் பூசி எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் வேலை, எவ்வளவு உழைத்தாலும், தட்டையாகவே வரும்.

மழை பெய்ததும் பரப்புகள் மாறுகின்றன. ஈரத் தார்வீதி கறுத்துப் பளபளக்கிறது. கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பேருந்துகளின் சிவப்பு விளக்கு வீதியில் நீண்டு விழுகிறது. பாசிபடிந்த மதில் ஈரமானாலும் அப்படி மின்னாது. எல்லாவற்றுக்கும் ஒரே பளபளப்பு அளவைக் கொடுத்தால் மழை நெகிழித்தாள் போர்த்தியதுபோலாகிவிடும்.

இந்நிலத்துக்கு நெருங்கிய நிலவெளியைப் பெரிய அளவில் காட்டிய ஆட்டம், நாட்டி டாக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி. மேற்குத் தொடர்ச்சி மலை அதன் களம். கண்டியை வரையப் புகுபவர் அதைப் பார்த்துப் பழகலாம். ஆனால் ஒளியின் அளவுகளை அங்கிருந்து எடுக்கக் கூடாது. நேர்வெயில் சுமார் 1,00,000 லக்ஸ், முழுநிலவு கால் லக்ஸ் அளவு என்பவை எங்கும் பொருந்தும். மேகம், ஈரப்பதம், மழை பற்றிய விவரங்களுக்குக் கட்டுகஸ்தோட்டையிலேயே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையம் இருக்கிறது.