புஜ் பிம் விலாங்கு வளர்ப்புத் தொல்லிடங்கள்

புஜ் பிம் விலாங்கு வளர்ப்புத் தொல்லிடங்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில், கொண்டா ஏரியையும் டார்லட் ஓடையையும் ஒட்டி அமைந்துள்ளன. இப்பகுதியின் பழங்குடியினரான குண்டிச்மரா மக்கள் எரிமலைக் கற்களைக் கொண்டு கால்வாய்கள், அணைகள், குளங்கள் ஆகியவற்றை அமைத்து, விலாங்கு மீன்களைப் பிடித்தும் தேக்கி வளர்த்தும் வந்தனர். இவற்றுள் காலம் கணிக்கப்பட்ட மிகப் பழைய கால்வாய் ஏறத்தாழ 6,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. உலகில் அறியப்பட்ட மிகத் தொன்மையான நீர்வாழ் உயிரின வளர்ப்பு அமைப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

அமைவிடம்

புஜ் பிம் என்பது இப்பகுதியிலுள்ள அணைந்த எரிமலையின் பெயராகும். ஐரோப்பியர் இதனை எக்கிள்ஸ் மலை என அழைத்தனர். ஏறத்தாழ 37,000 ஆண்டுகளுக்கு முன் இதிலிருந்து வெளியேறிய எரிமலைக் குழம்பு தெற்கே கடல் நோக்கி ஓடி உறைந்தது. அது பழைய நீரோட்டங்களை மறித்தமையால் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் உருவாயின. கொண்டா ஏரியிலிருந்து வெளியேறும் நீர், கில்லாரா என்றும் அழைக்கப்படும் டார்லட் ஓடை வழியாகச் சென்று, ஃபிட்ஸ்ராய் ஆற்றுடன் கலந்து கடலை அடைகின்றது.

விலாங்கின் வாழ்க்கையும் வளர்ப்பு முறையும்

இங்கு வளர்க்கப்பட்டது குறுந்துடுப்பு விலாங்கு ஆகும். குண்டிச்மரா மொழியில் இதன் பெயர் கூயாங். இது வெப்பமண்டலக் கடலில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் ஆறுகளின் வழியே உள்நாட்டு நீர்நிலைகளை அடைகின்றது. அங்கே பல ஆண்டுகள் வளர்ந்தபின், இனப்பெருக்கத்திற்காக மீண்டும் கடலுக்குச் செல்கின்றது. முதிர்ந்த விலாங்குகளின் இப்பயணம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நிகழும்.

இவ்வரவையும் செலவையும் நன்கறிந்து குண்டிச்மரா மக்கள் தம் அமைப்புகளை உருவாக்கினர். உறைந்த எரிமலைப் பாறையை உடைத்தும் கற்களை அகற்றியும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. மழைக்காலத்தில் ஏரி நீர் உயரும்போது, விலாங்குகள் இக்கால்வாய்கள் வழியே இயற்கைப் பள்ளங்களாலான குளங்களுக்குள் சென்றன. அங்கே அவை தேக்கி வைக்கப்பட்டு, தேவைப்படும்போது பிடிக்கப்பட்டன. கற்களாலான தடுப்புச் சுவர்களில் இடைவெளி விட்டு, நாணற்புல் போன்ற தாவரங்களால் முடைந்த நீண்ட பறிகள் பொருத்தப்பட்டன. ஆகவே, இவ்வமைப்பு மீன்பிடி பொறியாக மட்டுமன்றி, நீரின் ஓட்டத்தையும் அளவையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடாகவும் விளங்கியது.

பதப்படுத்தலும் குடியிருப்பும்

தொல்லியலாளர் ஹெதர் பில்த், இப்பகுதியில் உட்குழிந்த மரங்களின் அடியிலுள்ள மண்ணைச் சோதித்து, விலாங்கின் கொழுப்பையொத்த எச்சங்களைக் கண்டறிந்தார். இம்மரப் பொந்துகளில் விலாங்குகள் புகையூட்டிப் பதப்படுத்தப்பட்டன என்பதும், மிகுதியானவை பிற குழுவினருடன் பண்டமாற்றுச் செய்யப்பட்டன என்பதும் அவரது கருத்தாகும். கால்வாய்களுக்கு அருகே வட்ட வடிவக் கல் அடித்தளங்களும் காணப்படுகின்றன. இவை வீடுகளின் எச்சங்கள் எனக் கருதப்படுகின்றன. எனினும், இவற்றுட் சில இயற்கையாக உருவானவை என வாதிடும் ஆய்வாளர்களும் உளர்.

காலக்கணிப்பு

கற்களைக் கொண்டு கால்வாயின் வயதை நேரடியாக அறிவது கடினம். மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் மெக்நிவன் தலைமையிலான குழுவினர், மல்டூன்ஸ் என்னும் இடத்திலுள்ள கால்வாயில் படிந்திருந்த வண்டலை அகழ்ந்து, அதிலிருந்த கரித்துண்டுகளைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தினர். 2012 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, கால்வாய் குறைந்தது 6,600 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டது. அதன் தடுப்புச் சுவர்கள் கடந்த 600 முதல் 800 ஆண்டுகளுக்குள் சேர்க்கப்பட்டவை. இதனால், ஒரே இடம் நெடுங்கால இடைவெளிக்குப் பின்னும் திருத்தப்பட்டுப் பயன்படுத்தப்பட்டமை தெரிகின்றது.

ஐரோப்பியர் வருகையும் அழிவும்

1834 இல் போர்ட்லண்டில் ஐரோப்பியர் நிலையாகக் குடியேறத் தொடங்கினர். 1840களில் நிலத்திற்காக நடந்த மோதல்கள் யூமரெல்லா போர்கள் எனப்படுகின்றன. கற்பாங்கான எரிமலை நிலம் குதிரை செல்ல இயலாததாக இருந்தமையால், குண்டிச்மரா மக்களுக்கு அது புகலிடமாயிற்று. 1867 இல் கொண்டா ஏரிக்கருகே கிறித்தவ மிஷன் குடியிருப்பு நிறுவப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மேய்ச்சல் நிலத்திற்காக ஏரி நீர் வடிக்கப்பட்டமையால், கால்வாய்கள் பயனற்றுப் போயின.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் நிலத்தைப் பண்படுத்தாத நாடோடிகள் என்ற கருத்து, அவர்களது நில உரிமையை மறுக்க நெடுங்காலம் பயன்பட்டது. ஆயினும் பதிவுகள் வேறு விதமாகவே இருந்தன. 1841 இல் பழங்குடியினர் பாதுகாவலரான ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன், வடக்கே வில்லியம் மலைப் பகுதியில், அயல் இனத்தார் விலாங்கு பிடிக்க வெட்டிய விரிவான கால்வாய்களைக் கண்டு குறித்துள்ளார். புஜ் பிம் எச்சங்கள், திட்டமிட்டு நீரை ஆண்டு உணவை உற்பத்தி செய்த ஒரு சமூகத்தை நேரடியாகக் காட்டுவதால் இவ்விவாதத்தில் முக்கிய இடம் பெறுகின்றன.

மீட்பும் பாதுகாப்பும்

2004 இல் இப்பகுதி ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2007 இல் குண்டிச்மரா மக்களின் பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது. 2010 இல் தடுப்பணை கட்டப்பட்டு, கொண்டா ஏரியில் மீண்டும் நீர் தேங்கியது. 2019 சூலையில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பழங்குடியினரின் பண்பாட்டு மதிப்பிற்காக மட்டுமே இத்தகுதி பெற்ற முதல் ஆஸ்திரேலியக் களம் இதுவாகும்.

2019 டிசம்பரில் தொடங்கிய காட்டுத்தீயில் புதர்கள் எரிந்தபோது, அதுவரை மறைந்திருந்த ஏறத்தாழ 25 மீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று வெளிப்பட்டது. ஏரிக்கரையில் 2022 இல் திறக்கப்பட்ட மையத்தில், குண்டிச்மரா மக்கள் பார்வையாளர்களுக்கு விலாங்கு வளர்ப்பு மரபை விளக்குகின்றனர்.