வரைபடத்துக்கு ஒரு பொது மரக்கால்

தானிய வியாபாரி நான். ஊருக்கு ஊர் மரக்கால் மாறினால் கணக்கு என்ன பாடுபடும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். கணினி வரைபடங்களுக்கும் அதே கதிதான் இருந்தது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் போட்ட வரைபடம் இன்னொன்றில் திறக்காது.

இதைத் தீர்க்கவே 1994-இல் அமெரிக்காவில் ஓஜிசி என்னும் கூட்டமைப்பு தோன்றியது. எந்த மென்பொருளும் எந்த சர்வரிடமும் வரைபடம் கேட்டு வாங்கும் முறையை, டபிள்யூஎம்எஸ் என்ற பெயரில் 2000-இல் வெளியிட்டது. காகிதத்தில் விதி எழுதினால் போதுமா? ஓட்டிக் காட்ட வேண்டாமா? மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்தவர்கள் அதைச் செய்தார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த மேப்சர்வரும், 2001-இல் தொடங்கிய ஜியோசர்வரும் யாரும் இலவசமாக எடுத்துச் சோதிக்கும்படி அவ்விதிகளை நடத்திக் காட்டின.

2006-இல் இவர்களுக்கு ஓஎஸ்ஜியோ என்ற அமைப்பு உண்டாயிற்று. 2008-இல் இரு அமைப்புகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

உறவு எப்போதும் சுமுகம் என்று சொல்லிவிட முடியாது. எஸ்ரி நிறுவனத்தின் சொந்த முறையொன்று ஓஜிசியில் தரநிலையாக முன்வைக்கப்பட்டது. பொதுவில் இருக்கும் விதிகள் செய்யும் வேலையையே அதுவும் செய்தது. ஒரு கடையின் மரக்காலை ஊர் மரக்கால் ஆக்கலாமா? 2013-இல் ஓஎஸ்ஜியோ அன்பர்கள் பலர் கையெழுத்திட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டே முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. எஸ்ரியை நான் வில்லனாக்கவில்லை. தன் ஷேப்ஃபைல் கோப்பின் அமைப்பை 1998-இல் வெளிப்படையாக அச்சிட்டுக் கொடுத்ததும் அவர்கள்தானே.

ஒப்பந்தம் முறியவில்லை. 2021-இல் அப்பாச்சி அறக்கட்டளையையும் சேர்த்துக்கொண்டு, விதி எழுதுபவரும் நிரல் எழுதுபவரும் ஒரே அமர்வில் வேலை பார்த்தார்கள்.