ஊசியும் காற்றும்: மின்பெருக்கத்துக்கு முந்தைய மூன்று அரிய கிராமபோன்களின் பொறியமைப்பும் ஒலிப்பண்பும்

ஆய்வுச் சுருக்கம்

மின்பெருக்கி பரவலாவதற்கு முன், இசைத்தட்டின் மெல்லிய அதிர்வை அறை நிறைக்கும் ஒலியாக மாற்றப் பல வழிகள் முயலப்பட்டன. அவற்றுள் ஆக்ஸிடோஃபோன், லூமியேர் மடிப்புத்தகட்டுக் கிராமபோன், ஆர்த்தோஃபோனிக் விக்ட்ரோலா ஆகிய மூன்றின் இயங்குமுறையை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இவை ஒரே சிக்கலுக்கு அளிக்கப்பட்ட மூன்று வேறுபட்ட விடைகள் என்பதையும், பழைய ஒலிப்பதிவுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் அவற்றை ஒலிக்கச் செய்த கருவியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கிராமபோன், அதிர்தகடு, ஒலிக்கூம்பு, ஆக்ஸிடோஃபோன், லூமியேர், ஆர்த்தோஃபோனிக்

முன்னுரை

1877இல் எடிசன் உருவாக்கிய ஃபோனோகிராஃப், உருளையில் சுற்றிய தகரத்தாளில் ஒலியைப் பதித்தது. பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் தட்டையான தட்டில், ஊசி பக்கவாட்டில் அசையும் முறையை அறிமுகப்படுத்தினார். இவ்விருவரிடமிருந்து தொடங்கி, உருளைக்கும் தட்டுக்கும் இடையிலான வணிகப் போட்டியாகவே கிராமபோனின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படுகிறது. அந்த எழுத்துமுறையில், குறைந்த எண்ணிக்கையில் விற்று மறைந்த கருவிகள் வியப்புக்குரிய பொருள்களாக அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடுகின்றன. ஆனால் அக்காலப் பொறியாளர்கள் ஒலியைப் பற்றி எவ்வாறு சிந்தித்தனர் என்பதை, பெருவாரியாக விற்ற கருவிகளைவிட அந்த அரிய கருவிகளே தெளிவாகக் காட்டுகின்றன.

அடிப்படைச் சிக்கல்

வழக்கமான கிராமபோனில் சுருள்வில் தட்டைச் சுழற்றும். கவர்னர் வேகத்தைச் சீராக்கும். அரக்குத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி அசையும்போது, அவ்வசைவை ஒரு நெம்புகோல் சவுண்ட்பாக்ஸில் உள்ள மைக்கா அதிர்தகட்டுக்குக் கடத்தும். தகட்டின் அதிர்வு குழாய்வழிச் சென்று கூம்பின் வாயில் ஒலியாக வெளிப்படும்.

இவ்வமைப்பில் எந்தக் கட்டத்திலும் புதிய ஆற்றல் சேர்வதில்லை. கேட்கும் ஒலி முழுவதும் வரிப்பள்ளத்தின் சுவர் ஊசியைத் தள்ளும் விசையிலிருந்தே பிறக்கிறது. எனவே ஒலியைக் கூட்ட வேண்டுமெனில் தடித்த ஊசியையும் கனமான சவுண்ட்பாக்ஸையும் பயன்படுத்த நேர்ந்தது. அதன் விலையைத் தட்டின் தேய்மானம் செலுத்தியது. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றவேண்டிய கட்டாயமும் இதனோடு தொடர்புடையதே. தட்டின் அரக்குக் கலவையில் சேர்க்கப்பட்ட கனிமத்தூள், ஊசிமுனையைத் தேய்த்து வரிப்பள்ளத்துக்கேற்ற வடிவுக்குக் கொண்டுவந்தது. தேய்வு இக்கருவியின் குறை மட்டுமன்று. அது இயங்கும் முறையின் ஒரு பகுதியும் ஆகும்.

ஆக்ஸிடோஃபோன்: காற்றைக் கட்டுப்படுத்தும் ஊசி

இவ்வரம்பை நேரடியாக மீறிய கருவி ஆக்ஸிடோஃபோன். ஆங்கிலப் பொறியாளர் ஹோரேஸ் ஷார்ட் 1898இலும் 1901இலும் இதன் அடிப்படைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் நீராவிச் சுழலியால் புகழ்பெற்ற சார்லஸ் பார்சன்ஸ் அவ்வுரிமையை வாங்கி வால்வைச் செம்மைப்படுத்தினார். கிராமபோன் நிறுவனமும் அமெரிக்காவின் விக்டர் நிறுவனமும் 1906 அளவில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

இதில் மைக்கா தகட்டுக்குப் பதிலாகச் சீப்புப்பற்கள் போன்ற நுண்ணிய பிளவுகள் கொண்ட வால்வு இருந்தது. மின்மோட்டாரால் இயங்கும் அமுக்கி, காற்றை வடிகட்டி வழியாக இவ்வால்வுக்கு இடைவிடாது அனுப்பியது. ஊசியின் அசைவு பிளவுகளைச் சிறிதளவு திறக்கவும் மூடவும் செய்தது. அதற்கேற்ப வெளிப்படும் காற்றோட்டம் ஏறி இறங்கிக் கூம்பில் ஒலியாயிற்று. ஊசி இங்கே ஒலியை உண்டாக்குவதில்லை. வேறோர் ஆற்றலைக் கட்டுப்படுத்துகிறது. சிறிய சைகை பெரிய ஆற்றலை ஆள்வதே பெருக்கம் என்பதன் பொருள். அதே 1906இல் லீ டி ஃபாரஸ்ட் தம் மூன்றுமுனைக் குழலை உருவாக்கினார். அது பெருக்கியாகப் பயன்படச் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே கிராமபோனுக்குள் மின்பெருக்கத்துக்கு முன்பே காற்றுப்பெருக்கம் வந்துவிட்டது எனலாம்.

இதன் ஒலி பெரிய அரங்கையும் திறந்தவெளியையும் நிரப்பவல்லது. ஆயினும் பாடல் தொடங்குமுன்னரும் மென்மையான இடங்களிலும் காற்றின் சீறல் கேட்டது; ஒலிப்பெருக்கியின் பின்னணி இரைச்சல் என்னும் பிற்காலச் சிக்கலின் முன்வடிவம் அது. காற்றில் தூசியோ எண்ணெயோ கலந்தால் நுண்பிளவுகள் அடைபட்டன. விக்டர் கருவியின் விலை 500 டாலர். அதே ஆண்டு வெளியான, கூம்பைப் பெட்டிக்குள் மறைத்த விக்ட்ரோலாவின் விலை 200 டாலர். வீட்டுக் கூடத்துக்கு மிகையாகவும் பராமரிக்கக் கடினமாகவும் இருந்த இக்கருவி மிகச் சிலவே விற்றதில் வியப்பில்லை.

லூமியேர்: கூம்பைத் துறத்தல்

திரைப்பட வரலாற்றில் அறியப்பட்ட லூயி லூமியேர் வேறு திசையில் சென்றார். சிறிய தகடு காற்றைப் பற்றிக்கொள்ளக் கூம்பு தேவைப்படுகிறது. தகடே பெரிதாக இருந்தால் கூம்பு எதற்கு என்பது அவரது அணுகுமுறையின் சாரம். ஆனால் பெரிய தகடு கனமாக இருந்தால் ஊசியால் அதனை அசைக்க இயலாது. மெலிதாக இருந்தால் நடுப்பகுதி அசைய விளிம்பு அசையாது. தாளை நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கதிர்போல மடித்து அவர் இம்முரணைத் தீர்த்தார். மடிப்பு, எடையைக் கூட்டாமல் விறைப்பைத் தந்தது.

இவ்வமைப்பு 1909 அளவில் காப்புரிமை பெற்றிருப்பினும், ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் வணிகப்பெயரில் 460ஆம் மாதிரியாக 1924இல்தான் பரவலாக அறியப்பட்டது. ஏறத்தாழ 14 அங்குல விட்டமுடைய மடிப்புத்தகடு, தட்டுக்கு மேலே செங்குத்தாக நின்று இருபுறமும் ஒலியைப் பரப்பியது. கூம்பின் ஒத்ததிர்வு இல்லாமையால், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற அழுத்தம் இதில் இல்லை. ஒலி மென்மையாகவும் பரந்தும் அமைந்தது. ஈரத்தால் இளகும், கைபட்டால் கிழியும் தாளே இதன் உயிர்நிலையாக இருந்ததால் பழுதற்ற கருவிகள் இன்று அரியன. மறு ஆண்டே, 1925இல், ரைஸ், கெல்லாக் ஆகியோர் தாள்கூம்பு அமைந்த மின் ஒலிபெருக்கியை விளக்கினர். காற்றை நேரடியாக அசைக்கும் தாள் என்னும் கருத்து அங்கே நிலைபெற்றது.

ஆர்த்தோஃபோனிக்: ஆற்றலை வீணாக்காமை

மூன்றாவது விடை ஆற்றலைச் சேர்க்கவும் இல்லை, கூம்பைத் துறக்கவும் இல்லை. வரிப்பள்ளம் தரும் ஆற்றல் வழியில் எங்கெங்கே திருப்பி அனுப்பப்படுகிறது என்று அது கேட்டது. ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919இல் வெளியிட்ட கட்டுரை, கூம்பின் ஒலியியலுக்குக் கணித அடிப்படையும் மறிப்பு என்னும் கருத்தும் வழங்கியது. பெல் தொலைபேசி ஆய்வகத்தின் மேக்ஸ்ஃபீல்டு, ஹாரிசன் ஆகியோர் தொலைபேசிக் கம்பியின் கோட்பாட்டைக் கிராமபோனுக்குப் பொருத்தினர். பொருளின் நிறையை மின்தூண்டலாகவும், நெகிழ்வை மின்தேக்கமாகவும் கொண்டால், ஊசி முதல் கூம்பு வரை முழுக் கருவியும் ஒரு மின்வடிப்பான் போலக் கணக்கிடத்தக்கதாகிறது. ஒவ்வோர் உறுப்பின் மறிப்பும் அடுத்ததனோடு பொருந்தினால் ஆற்றல் தடையின்றிச் செல்லும்.

இதன்படி மைக்காவுக்கு மாற்றாக மெல்லிய அலுமினியத் தகடு வந்தது. கூம்பு அடுக்குக்குறி வளைவில் விரிந்தது. இத்தகைய கூம்பு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழ் ஒலியைக் கடத்தாது. அவ்வெல்லையைத் தாழ்த்த, விரிவு மெதுவாகவும் வாய் பெரிதாகவும் இருக்கவேண்டும். ஆகவே நீண்ட கூம்பைப் பலமுறை மடித்துப் பேழைக்குள் அடக்கினர். 1925 நவம்பரில் விற்பனைக்கு வந்த இக்கருவி, அதே ஆண்டு தொடங்கிய மின்ஒலிப்பதிவுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பழைய பதிவு ஏறத்தாழ 200 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியையே வலுவாகப் பிடித்தது. புதிய முறை அதனை ஏறத்தாழ 100 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை விரித்தது. மின்சாரமின்றி இயங்கிய மிகச் சிறந்த கிராமபோன் மின்சாரக் கோட்பாட்டிலிருந்தே பிறந்தது என்பது நோக்கத்தக்கது. எனினும் அதே 1925இல் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் மின் கிராமபோனும் வெளிவந்தது. ஆர்த்தோஃபோனிக்கின் சிறப்பு குறுகிய காலமே நீடித்தது.

கருவியும் சான்றும்

ஒரே தட்டு இம்மூன்று கருவிகளிலும் மூன்று விதமாக ஒலிக்கும். இது சுவை பற்றிய செய்தி மட்டுமன்று. 1925க்கு முந்தைய பதிவுகளின் மாதிரித்தட்டுகளை அக்காலக் கிராமபோன்களிலேயே கேட்டு ஏற்றனர் அல்லது தள்ளினர். இன்று இலேசான மின்ஊசியால் எண்ணிமமாக்கப்படும் ஒலி, வரிப்பள்ளத்தில் உள்ளதை அன்றைய கருவிகளைவிட நேர்மையாகத் தரலாம். ஆனால் அன்று எவரும் அவ்வொலியைக் கேட்டதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான தமிழ் இசைத்தட்டுகளைக் கொண்டு பாடகரின் குரல்வளம், நாதம், பக்கவாத்தியத்தின் அடக்கம் ஆகியன பற்றி முடிவுகூறும் ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தட்டில் மெலிந்திருப்பது வாசிப்பின் இயல்பா, பதிவின் வரம்பா, ஒலிப்பித்த கருவியின் விளைவா என்பதைப் பிரித்தறியாத முடிவு உறுதியுடையதாகாது.

முடிவுரை

ஆக்ஸிடோஃபோன் ஆற்றலைச் சேர்த்தது. லூமியேர் கருவி காற்றைத் தொடும் பரப்பைப் பெருக்கியது. ஆர்த்தோஃபோனிக் ஆற்றலின் வழியைச் சீர்செய்தது. கருவிகளாக மூன்றும் வழக்கொழிந்தன. ஆயினும் பெருக்கி, தாள்கூம்பு ஒலிபெருக்கி, மறிப்புப் பொருத்தம் என அவற்றின் கருத்துகள் பிற்கால ஒலித்தொழில்நுட்பத்தில் தொடர்ந்து வாழ்கின்றன. ஆகவே இத்தகைய கருவிகளை இயங்கும் நிலையில் காப்பதும், அவற்றின் ஒலியைத் தனியே பதிந்து ஆவணமாக்குவதும், இசைத்தட்டுகளைக் காப்பதற்கு இணையான ஆய்வுக்கடமையாகும்.