உலோக நைட்ரைடுகளின் உயர்வெப்ப ஆக்சிஜனேற்றம்

உலோகமும் நைட்ரஜனும் சேர்ந்து உருவாகும் கடினமான செராமிக் பொருள்கள் உலோக நைட்ரைடுகள். லேத் பட்டறைகளில் தங்கம்போல் மின்னும் டிரில் பிட்டின் மேல்பூச்சு டைட்டானியம் நைட்ரைடு. அதன் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். இதன் உருகுநிலை ஏறக்குறைய 2,950 டிகிரி செல்சியஸ். ஆனால் காற்றில் இது அவ்வளவு தாங்காது. 500 முதல் 600 டிகிரிக்குள்ளேயே ஆக்சிஜன் அதை அரிக்கத் தொடங்கிவிடும்.

ஆக்சிஜன் உள்ளே புக, நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது. எஞ்சுவது ரூட்டைல் வடிவ டைட்டானியம் டைஆக்சைடு. நைட்ரஜன் போனபின்னும் எடை குறைவதில்லை, கூடுகிறது: 100 கிராம் நைட்ரைடு முழுதும் மாறினால் சுமார் 129 கிராம் ஆக்சைடு கிடைக்கும். அதனால்தான் ஆய்வகங்களில் மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கிறார்கள். வெறும் கண்ணுக்கும் இந்த மாற்றம் தெரியும். தங்க நிறம் முதலில் மங்கும். ஆக்சைடுப் படலம் தடிக்கத் தடிக்க ஊதா, நீலம் என நிறங்கள் தோன்றிப் பின் சாம்பல் பூக்கும்.

படலம் விரிசலின்றி ஒட்டியிருந்தால், ஆக்சிஜன் அதை ஊடுருவித்தான் நைட்ரைடை எட்ட வேண்டும். எனவே வேகம் தணியும். படலம் இரு மடங்காக, நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். டைட்டானியத்தில் சிக்கல் இங்கேதான். ஆக்சைடு நைட்ரைடைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு இடம் கேட்கிறது. வெளியேறும் நைட்ரஜனும் அடியிலிருந்து நெருக்குகிறது. படலம் வெடித்து உரிந்தால் புதுப்பரப்பு மீண்டும் காற்றுக்கு இரையாகும். சிர்க்கோனியம் நைட்ரைடும் இதே வகையில்தான் கெடுகிறது.

அலுமினியம் சேர்ந்தால் நிலை வேறு. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடுப் பூச்சைச் சூடாக்கினால் மேற்புறத்தில் அலுமினா அடர்ந்து படிந்து காப்பாகிறது. சுமார் 800 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். குரோமியம் நைட்ரைடைக் காப்பது குரோமியம் ஆக்சைடு. அலுமினியம் நைட்ரைடுக்கோ சூட்டைவிட ஈரமே முதல் எதிரி: அதன் நுண்தூளை ஈரக்காற்றில் திறந்து வைத்தால், அறை வெப்பத்திலேயே அம்மோனியா நெடி எழும். பொதுவாகவே கட்டியைவிடத் தூள் குறைந்த வெப்பத்தில் ஆக்சிஜனேறும். பரப்பு அதிகம் என்பதே காரணம். ஆகவே ஒரு நைட்ரைடுக்குச் சொல்லப்படும் வெப்ப வரம்பை, அது தூளா, பூச்சா, கட்டியா என்று தெரியாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக்சிஜன் நிறைந்த பூமியில் டைட்டானியம் நைட்ரைடு இயற்கையாகக் கிடைப்பது மிக அரிது. ஆஸ்போர்னைட் என்னும் அதன் கனிம வடிவம் முதலில் அறியப்பட்டது, 1852இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி பகுதியில் விழுந்த விண்கல்லில்தான்.