வேலையோடு கட்டப்பட்ட வீடு



"அடிக்கடி வீடு மாறும் குடும்பம், பிள்ளை எப்படிப் படிக்கும்?" என்று சில பெற்றோர்களை நாம் குறை கூறுவதுண்டு. இவ்வலைச்சலுக்கு ஒரு வரலாறு உண்டு.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வேலையை வகுத்தது இனமே. துரை ஐரோப்பியர்; கிராணி பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத் தமிழர்; பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கங்காணி வழி வந்தவர்கள். வேலையோடு லயத்து வீடும் கிடைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆயினும் வேலை, வீடு, பள்ளி ஆகிய மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும். பிள்ளையின் படிப்பும் தடைப்படும்.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது இது வெளிப்பட்டது. சிறு துண்டுகளாய் விற்கப்பட்ட தோட்டங்களில் பலர் வேலையும் குடியிருப்பும் இழந்தனர். தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் அது காத்தது ஒரு பகுதியினரையே.

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. இங்கேயே பல்லாண்டு உழைத்தும் சிவப்பு அடையாள அட்டையே வைத்திருந்தோர் திகைத்தனர். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர் என்பர் ஆய்வாளர்.

நிலமற்ற கிராம மக்களுக்கு நிலமும் வீடும் தந்தது 1956இல் தொடங்கிய பெல்டா திட்டம். ஆனால் குடியேறியோரில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். தோட்டமோ தனியார் நிலம் என்பதால் கிராம மேம்பாட்டின் பலன்கள் அதன் வாயிலுக்கு வெளியே நின்றன. பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, சேமிப்போ வேறு தொழிற்பயிற்சியோ இல்லாத குடும்பங்கள் நகர்ப்புறப் புறம்போக்குகளில் குடிசை அமைத்தன. அங்கிருந்தும் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. சுதந்திரத்தின்போது 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல் என்பதற்கும் இவ்விடப்பெயர்வு ஒரு காரணமாகும்.

ஆகவே, புதிய முகவரியோடு ஒரு பிள்ளை வகுப்பில் நுழையும்போது அதன் பெற்றோரைப் பொறுப்பற்றோர் என எண்ண வேண்டா. பெற்றோர்களே, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் காலத்தோடு பெற்று வையுங்கள். ஒரு காகிதம் இல்லாமையால் வேலையும் வீடும் இழந்த தலைமுறை நம்முடையது.