மீண்டும் சுழலும் இசைத்தட்டு

மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்து, "உன் துறையைப் பத்தி ஏதாவது எழுதுடா, ஆனா படிக்கிறவங்க தூங்கிடக் கூடாது" என்றான். நான் பார்ப்பது பிளாஸ்டிக் மோல்டிங். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கார்களுக்கான பாகங்களை வார்க்கிறோம். அதை எழுதினால் தூக்கம் நிச்சயம்! ஆகவே பிளாஸ்டிக் பொருட்களிலேயே பாட்டுப் பாடுகிற ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் இசைத்தட்டு.

மூவாயிரம் ரூபாய் இரைச்சல்

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு கடையில், பழைய படம் ஒன்றின் பாடல்கள் அடங்கிய புது எல்.பி. ஒன்றை ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். பளபளக்கும் உறை, கெட்டியான தட்டு. வீட்டில் போட்டால் இரண்டாவது பாட்டில் இடது பக்க ஸ்பீக்கரில் துணி கிழிவது போல 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். கடைக்காரர் நல்ல மனிதர், மாற்றிக் கொடுத்தார். மாற்றிய தட்டிலும் அதே இடத்தில் அதே சத்தம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. 1982-இல் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய பழைய தட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். லேசான பொரிச்சல் தவிர சுத்தமாகப் பாடியது. "அந்தக் காலத்துல ஒழுங்கா செஞ்சாங்கப்பா" என்றார். (அந்த மூர் மார்க்கெட்டே 1985-இல் எரிந்து போனது.)

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புதுத் தட்டை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். பள்ளங்களின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது. அட, இது நான் தினமும் ஷிப்டில் பார்க்கிற நோய்! அச்சின் மூலைவரை பிளாஸ்டிக் போய் நிறையவில்லை. தட்டுத் தொழிலில் இதற்கு 'நான்-ஃபில்' என்று பெயர். 1982-க்கு முன்பே சரியாகச் செய்யத் தெரிந்த ஒன்றை இன்றைக்கு ஏன் தவறவிடுகிறார்கள்? இந்தக் கேள்விதான் என்னைச் சரித்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது.

அரக்கிலிருந்து வினைல் வரை

எடிசன் 1877-இல் ஒலியைப் பதிந்தது உருளையில். எமில் பெர்லினர் 1887-இல் தட்டையான தட்டுக்கு வழி கண்டார். உருளையை விடத் தட்டு ஜெயித்ததற்கு உற்பத்திப் பொறியாளர் என்ற முறையில் எனக்குத் தெரியும் காரணம் ஒன்றுதான்: தட்டை அப்பளம் போல அழுத்தி எடுக்கலாம். ஓர் அச்சு இருந்தால் ஆயிரம் பிரதி.

நம் நாட்டுக்கும் இதில் பெரிய பங்குண்டு. பழைய 78 சுற்றுத் தட்டுகளை இறுகப் பிடித்து நிறுத்தியது அரக்கு. அது பெரும்பாலும் இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சி தந்தது. 1902-இல் கல்கத்தாவில் கெளஹர் ஜான் பாடிப் பதிவானபோது, தட்டு அச்சாவதற்கு ஜெர்மனியின் ஹானோவர் வரை போய் வந்தது. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை வந்தது. பிறகு டம்டம் ஆலை. நம் தாத்தாக்கள் கேட்ட எத்தனையோ கச்சேரித் தட்டுகள் அங்கே அழுத்தப்பட்டவைதான்.

இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. 1942-இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கை 70 சதவிகிதம் வெட்டியது. வினைல் பக்கம் கவனம் திரும்ப இதுவும் ஒரு காரணம். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் எல்.பி.யைக் கொண்டு வந்தது. பக்கத்துக்கு நாலு நிமிஷம் ஓடியது இருபது நிமிஷத்துக்கு மேல் ஓட ஆரம்பித்தது.

ஒரு தட்டு பிறக்கும் விதம்

அலுமினியத் தட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசி, அதில் சூடாக்கிய ஊசியால் பள்ளம் வெட்டுவார்கள். அதன் அகலம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி அளவு. அதன்மேல் வெள்ளி பூசி, மின்முலாம் தொட்டியில் நிக்கல் வளர்த்து உரித்தால் 'ஃபாதர்'. அதிலிருந்து 'மதர்'. அதிலிருந்து 'ஸ்டாம்பர்'. (குடும்பமே இருக்கிறது!) மேலும் கீழும் ஸ்டாம்பர் மாட்டி, நடுவில் சூடான வினைல் உருண்டையும் இரண்டு லேபிளும் வைத்து, சுமார் 100 டன் அழுத்தம். நீராவியால் சூடு, உடனே தண்ணீரால் குளிர்ச்சி. அரை நிமிஷத்தில் தட்டு ரெடி.

கேட்க எளிது. ஆனால் அந்த அரை நிமிஷத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அச்சில் சூடு கொஞ்சம் குறைந்தால் பள்ளம் நிறையாது, 'க்ர்ர்ர்' வரும். சூடு ஆறுமுன் எடுத்து அடுக்கினால் தட்டு வடாம் போல வளையும். லேபிளை முன்கூட்டியே அடுப்பில் உலர்த்தாவிட்டால் ஈரம் ஆவியாகிக் கொப்புளிக்கும். நடு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பாட்டு இருக்கும் 60 மில்லிமீட்டர் ஆரத்தில் சுருதி 0.8 சதவிகிதம் மேலும் கீழும் ஆடும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே சுமார் 6 சதவிகிதம்தான். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை 1.8 விநாடிக்கு ஒரு முறை ஊஞ்சலாடினால் கேட்க எப்படி இருக்கும்!

ஆலைகள் மூடிய கதை

1982-இல் குறுந்தகடு வந்தது. நம் ஊரில் அதற்கு முன்பே கேசட் தட்டை ஓரம் கட்டிக்கொண்டிருந்தது. தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து வாங்கிய சீனியர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பீர்கள். 1990-களில் உலகமெங்கும் தட்டு ஆலைகள் இழுத்து மூடப்பட்டன. பிரஸ்கள் பழைய இரும்புக்குப் போயின. வெட்டும் லேத்துக்குப் பேர்போன ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் அவற்றைச் செய்வதையே நிறுத்திவிட்டது. செக் நாட்டின் லொடெனிட்சேயில் 1951 முதல் தட்டு அழுத்திவந்த ஆலை போன்ற சிலர் மட்டும் விடாமல் தாக்குப்பிடித்தார்கள்.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. 2006-இல் அமெரிக்காவில் பத்து லட்சம் எல்.பி.கூட விற்கவில்லை. 2022-இல் 4 கோடியே 10 லட்சம்! அந்த ஆண்டு குறுந்தகடு 3 கோடியே 30 லட்சம்தான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அப்போதுதான்.

ஆர்டர் வந்தது, மெஷின் எங்கே? பழைய பிரஸ்களைத் தேடிப் பிடித்துத் தூசி தட்டினார்கள். 2010-களின் பிற்பாதியில் கனடா, ஜெர்மனி போன்ற இடங்களில் புதிய பிரஸ்களும் செய்தார்கள். மெஷினைப் பணம் கொடுத்து வாங்கலாம். ஆனால் சத்தத்தை வைத்தே 'இன்னும் ரெண்டு டிகிரி வேணும்' என்று சொல்லக்கூடிய ஆபரேட்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவருக்குத் தெரிந்தது எந்த மேனுவலிலும் முழுதாக இல்லை. ஆர்டர் குவியும்போது நாலு விநாடியைக் குறைக்கத் தோன்றும். அந்த நாலு விநாடிதான் என் வீட்டில் 'க்ர்ர்ர்' என்று பாடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சங்கிலி எவ்வளவு மெலிந்தது என்பதற்கு 2020 பிப்ரவரியே சாட்சி. லாக்கர் தட்டு செய்ய உலகில் மிஞ்சியிருந்தவை இரண்டே பெரிய இடங்கள். அதில் கலிபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் தீயில் எரிந்தது. மிஞ்சியது ஜப்பானில் ஒன்று.

அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன், அப்பா மன்னிக்கவும். 1970-களில் எண்ணெய் நெருக்கடியின்போது கழிவு வினைலை அரைத்துக் கலந்து, சலசலக்கும் தட்டுகளைச் செய்தவர்களும் உண்டு. இன்று மிக அருமையாக அழுத்துகிற ஆலைகளும் உண்டு. காதை மட்டும் நம்புவதும் ஆபத்து. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளை 'சுத்த அனலாக்' என்று ரசிகர்கள் பல வருஷம் புகழ்ந்தார்கள். பலவற்றில் டிஜிட்டல் படி ஒன்று இருந்தது 2022-இல்தான் வெளியே வந்தது. யார் காதும் கண்டுபிடிக்கவில்லை! அப்படியானால் குற்றம் டிஜிட்டலில் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான்.

வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

180 கிராம் என்று உறையில் போட்டிருந்தால் மயங்காதீர்கள். கனத்த தட்டு எளிதில் வளையாது, அவ்வளவுதான். பள்ளம் அதே பள்ளம். எங்கே வெட்டினார்கள், எங்கே அழுத்தினார்கள், எதிலிருந்து எடுத்தார்கள் என்று உறையில் தேடுங்கள். சொல்லத் துணிந்தவன் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்திருப்பான். வீட்டுக்கு வந்ததும் விளக்கில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் திட்டு தெரிந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். பழைய தட்டு என்றால் நடு ஓட்டையைச் சுற்றிக் கீறல் எவ்வளவு என்று பாருங்கள். எத்தனை முறை ஓடியது என்பதை அது சொல்லிவிடும்.

நம் ஒர்க் ஷாப்

விடுதிப் பொது அறையில் பூட்டிக் கிடந்த அந்த ரேடியோகிராமை என் காலத்தவர் (2006-2010) மறந்திருக்க மாட்டீர்கள். மூன்றாம் வருஷம் அதை ஓட வைத்தது நாங்கள் அல்ல, நம் ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர்தான். தேய்ந்த ரப்பர் சக்கரத்துக்குப் பதில் ஒன்றை லேத்தில் கடைந்தார். அளவு கேட்டேன். "தொட்டுப் பாரு தம்பி, கை சொல்லும்" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

இன்று என் ஆலையில் ஓய்வு பெறப் போகிற இரண்டு மோல்ட் செட்டர்களோடு, நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். பாதிதான் எழுத்தில் வருகிறது. மீதி அவர்கள் பக்கத்தில் நின்றால்தான் வருகிறது. அதற்காக இரண்டு இளைஞர்களை அவர்களோடு நிறுத்தியிருக்கிறேன்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த இன்ஸ்ட்ரக்டர் இப்போது சொந்த ஊரில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தச் சந்திப்புக்கு அவரை மரியாதையோடு அழைத்து வருவோம். பொன்னாடை போர்த்தி உடனே அனுப்பிவிடாமல், இரண்டு நாள் லேத் முன்னால் நிற்க வைத்து, இப்போது படிக்கிற மாணவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். போக்குவரத்துச் செலவு என்னுடையது. அப்பாவின் மூர் மார்க்கெட் தட்டையும் கொண்டு வருகிறேன். ரேடியோகிராம் இன்னும் இருந்தால், யாராவது சாவியைத் தேடி வையுங்கள்.